வறள்நிலத்து மண்ணில் வாழும் பூசணங்கள்

சித்திரைத் திங்களின் நண்பகலில், கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த கரிசற் காடுகளின் வழியே செல்வோர்க்கு, உயிர் என்பதொன்று அங்கே உளதோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. பருத்திமார் பிடுங்கப்பட்ட நிலம் கையகலப் பிளவுகளாக வெடித்துக் கிடக்கும். வரப்பிலுள்ள புல்லும் கருகியிருக்கும். ஓரிரண்டு உடைமரங்களின் சிறு நிழலன்றி ஒதுங்கவும் இடமிராது. அம்மண்ணைக் கையில் எடுத்து நோக்குவோர், 'இது வெறும் புழுதி' என்று உதறிவிட்டுச் செல்வர். யாமும் மாணவராய் இருந்த காலத்தில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணம் பிழையுடையது என்பதையும், அப்பிழையால் உழவர்க்கு நேரும் இழப்புச் சிறிதன்று என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பாலை என்பது தனியே அமைந்த நிலமன்று. பிற நிலங்கள் வெம்மையால் தம் தன்மை கெட்டு எய்தும் நிலையே அது என்பது பழந்தமிழர் கொள்கை. நிலம் தன் தன்மையை இழப்பது மழையின்மை ஒன்றினால் மட்டுமோ? மழை பெய்தும் உரமிட்டும் பயிர் தேறாத நிலமும் உண்டு. அதன் காரணத்தை அறிய விரும்புவோர், மண்ணுக்குள் வாழும் ஓர் உயிர்க்கூட்டத்தைப் பற்றி அறிந்துகொள்ளுதல் வேண்டும். பூசணம் எனப்படுவது அக்கூட்டமே.

பூசணமாவது யாது?

மழைக்காலத்தில் தோற்செருப்பின்மேல் படரும் பச்சைப் பூப்பும், நாட்பட்ட சோற்றில் தோன்றும் கரும்புள்ளியும், மழைக்குப்பின் முளைக்கும் காளானும் ஒரே குலத்தைச் சார்ந்தவை. இவை பசுமையற்றவை, ஆதலின் செடிகொடிகளைப்போல ஞாயிற்றின் ஒளியைக்கொண்டு தமக்கு வேண்டிய உணவை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் இவற்றிற்கு இல்லை. மடிந்த பொருள்களைச் சிதைத்தோ, உயிருள்ளவற்றோடு கூடியோ, அவற்றைத் தாக்கியோ இவை உணவு பெறுகின்றன. பெரும்பாலான பூசணங்களின் உடல், நம் தலைமயிரின் பருமனில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கேயுள்ள மெல்லிய இழைகளால் ஆயது. விதைபோலப் பரவி முளைக்கும் நுண்ணிய தூளையும் இவை ஈனும். அதனை வித்துத்துகள் என்று இக்கட்டுரையில் குறிப்போம்.

அறிஞர்கள் இதுவரை பெயரிட்டு விளக்கியுள்ள பூசண இனங்கள் ஏறக்குறைய 1,50,000 ஆகும். உலகில் உள்ளனவோ 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ம் ஆண்டில் ஹாக்ஸ்வொர்த், லூக்கிங் என்னும் இருவரும் மதிப்பிட்டனர். அம்மதிப்பின்படி நாம் அறிந்தவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறியப்படாதவற்றுள் பல நம் காலடி மண்ணிலேயே உறைகின்றன.

வறட்சியைத் தாங்கும் வகை

ஓராண்டில் ஓரிடத்து நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் வெயிலும் காற்றும் கவர்ந்துகொள்ளக்கூடிய நீரின் அளவைக் கணித்து, அதனோடு அவ்விடத்து மழையளவை ஒப்பிடுதல் நிலநூலார் வழக்கம். மழையானது அவ்வளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டும் பாதிக்குக் குறைந்தும் இருக்குமாயின், அந்நிலம் அரைவறள் நிலம் எனப்படும். நம் நாட்டார் 'வானம் பார்த்த பூமி' என்று கூறுவதில் பெரும்பகுதி இதில் அடங்கும். தக்காணத்துப் புன்செய்களும், நம் தென்மாவட்டங்களின் கரிசலும் செவலும் இத்தகையனவே.

இங்கே வாழும் பூசணங்கள் கோடையை எவ்வாறு கடக்கின்றன? அவை கைக்கொள்ளும் வழிகள் பல. முதலாவது, நிறம். வெயில் மிகும் நிலங்களின் மேல்மண்ணில் கருமையான பூசணங்கள் மிகுதியாகக் காணப்படும். மக்களின் தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்னும் நிறப்பொருளின் இனத்தைச் சேர்ந்ததொன்றே இவற்றின் இழைகளிலும் வித்துத்துகள்களிலும் படிந்து, வெயிலின் கொடிய கதிர்களையும் உலர்தலையும் தாங்க உதவுகின்றது. இரண்டாவது, உறக்கம். தடித்த சுவருடைய வித்துத்துகள்களாகவும், இழைகள் திரண்டு இறுகிய கரிய மணிகளாகவும் மாறிப் பல பூசணங்கள் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். மூன்றாவது, இழையின் அமைப்பே. பாக்டீரியாக்கள் இயங்குவதற்கு மண்துகளைச் சூழ்ந்த நீர்ப்படலம் வேண்டும்; அப்படலம் வற்றி அறுபட்டால் அவை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பூசண இழையோ இரு மண்துகள்களுக்கு இடையேயுள்ள காற்றுவெளியைப் பாலம்போலக் கடந்து அப்பால் செல்லும். பாக்டீரியாக்கள் செயலற்றுப்போகும் வறட்சியிலும் பல பூசணங்கள் தொழில் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் மழை பெய்தவுடன் உறங்கிக்கிடந்த இவ்வுலகம் விழித்துக்கொள்ளும். உலர்ந்த மண் நனையும்போது அதிலிருந்து கரிவளி பெருமளவில் வெளிப்படுவதையும், தழைச்சத்து விடுபடுவதையும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி நடத்திய பர்ச் என்பார் 1958-ம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். முதல் மழையோடு விதைத்த பயிர் செழிப்பதற்கு இதுவும் ஒரு துணையாம். அவ்வேளையில் எழும் இனிய மண்வாசனையைப் பூசணங்களின் செயல் என்று கருதுவோர் உளர். அது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியாக்களின் செயல். அவையும் இழைகளாக வளர்தலின் முன்னாளில் பூசணங்களோடு சேர்த்து எண்ணப்பட்டன.

காணும் வழிகள் மூன்று

மண்ணில் இன்னின்ன பூசணங்கள் உள என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு நம் ஆய்வுச்சாலையில் மாணவர் செய்யத்தக்க எளிய முறை ஒன்று உண்டு. 10 கிராம் மண்ணை, கொதிக்கவைத்துத் தூய்மை செய்த 90 மில்லி லிட்டர் நீரில் இட்டு நன்கு குலுக்குக. அதில் 1 மில்லி லிட்டர் எடுத்து 9 மில்லி லிட்டர் தூய நீரில் கலக்குக. இவ்வாறே மீண்டும் மீண்டும் பதின்மடங்கு நீர்த்து, ஆயிரத்தில் ஒன்றோ பதினாயிரத்தில் ஒன்றோ ஆன கரைசலில் 1 மில்லி லிட்டரை மூடிய கண்ணாடித் தட்டில் விட்டு, சத்துணவு கலந்த அகார்க் கூழை அதன்மேல் ஊற்றுக. பாக்டீரியாக்களை அடக்குதற்பொருட்டு ரோஸ் பெங்கால் என்னும் சாயமும் ஸ்ட்ரெப்டோமைசினும் கூழில் சேர்த்தல் 1950-ம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது.

மூன்று முதல் ஐந்து நாட்களில் தட்டின்மேல் வட்டவட்டமாகப் பூசணங்கள் படரும். கரிய தலைகளையுடையது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். நீலப்பச்சையாய்த் தூள்போல் படர்வது பெரும்பாலும் பெனிசிலியம். வெண்பஞ்சுபோல் எழுந்து அடிப்புறம் இளஞ்சிவப்பாவது பியூசேரியம். வெண்மையாய்த் தோன்றிப் பின் திட்டுத்திட்டாகப் பசுமை பூண்பது டிரைக்கோடெர்மா. கரும்பழுப்பாய்க் காண்பன கர்வுலாரியா, ஆல்டர்னேரியா முதலியன. நிறம் முதற்குறியே, நுண்ணோக்கியால் வித்துத்துகளின் வடிவைக் கண்டபின்னரே பெயரை உறுதிசெய்தல் வேண்டும். தட்டின் மூடியைத் திறந்து முகர்தல் கூடாது. வேலை முடிந்தபின் தட்டுகளை நீராவியில் அவித்தே அப்புறப்படுத்துதல் வேண்டும்.

உடைமரத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணும், வெட்டவெளியிலிருந்து ஒரு பிடி மண்ணும் கொணர்ந்து ஒப்பிடுக. வறள்நிலத்தில் மரங்களும் புதர்களும் கடலிடைத் தீவுகள் போன்றவை. உதிர்ந்த இலையும் நிழலும் வேரும் அவ்விடங்களில் மண்ணை வளப்படுத்துதலின், நுண்ணுயிர்களின் கூட்டமும் வெட்டவெளியினின்று வேறுபடும். ஒரே புன்செய்க்குள் பல மண்ணுலகங்கள் உள்ளன என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் தட்டில் வளர்ந்தவற்றையெல்லாம் மண்ணில் வாழ்ந்தவை என்று முடிவு செய்யலாகாது. மண்ணிலிருந்து பூசணங்களை முதன்முதல் பிரித்தெடுத்தவர் அடாமெட்ஸ், ஆண்டு 1886. அதன்பின் முப்பது ஆண்டுகள் கழித்து, 1916-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பார் ஒரு வினாவை எழுப்பினார்: பூசணங்கள் மண்ணில் மெய்யாகவே இழைவிட்டு வாழ்கின்றனவா, அன்றிக் காற்றில் வந்து விழுந்த வித்துத்துகள்களாய் உறங்குகின்றனவா? மண்கட்டியைக் கூழின்மேல் நேரே வைத்து, ஒரு நாளுக்குள் அதிலிருந்து புறப்படும் இழைகளைப் பிரித்து நோக்கி, மண்ணில் பூசணங்கள் இழைவிட்டு வாழ்வது உண்மையே என்று அவர் நிறுவினார். எனினும் தட்டில் மிகுதியாய்த் தோன்றுவது மண்ணில் மிகுதியாய்த் தொழில் செய்வது ஆகாது. மிகுதியான வித்துத்துகளை ஈனும் இனம் தட்டில் பெருங்கூட்டமாய்த் தோன்றும். அமைதியாய் இழையோடும் இனம் மறைந்துபோகும்.

தட்டில் ஒருபோதும் தோன்றாதவையும் உண்டு. உயிருள்ள வேரின்றி வளரமாட்டாத வேர்ப்பூசணங்கள் அவை. அவற்றைக் காண, மண்ணை நீரில் கலக்கி, மெல்லிய கண்களையுடைய சல்லடைகளின் வழியே வடித்தெடுக்கும் முறையை 1963-ல் கெர்டெமன், நிக்கல்சன் என்போர் விளக்கினர். சல்லடையில் தங்கும் வித்துத்துகள்களுட் பெரியனவற்றை நல்ல பூதக்கண்ணாடியாலேயே காணலாம். மஞ்சளும் பழுப்புமாய் உருண்டு திரண்ட சிறு மணிகள்போல் அவை அழகாய்த் தோன்றும்.

மூன்றாவது வழி, மண்ணிலுள்ள மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வை நேரே பிரித்துப் படித்தல். 2014-ம் ஆண்டில் டெடர்சூ என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் உலகெங்கும் 365 இடங்களின் மண்ணை இம்முறையால் ஆராய்ந்தனர். மண்ணில் வாழும் பூசணங்களின் வகைமையை வரையறுப்பதில் மழை முதலிய தட்பவெப்பக் கூறுகளே முதன்மையானவை என்று அவர்கள் கண்டனர். ஒரே பிடி மண்ணை மூன்று வழியால் வினவினால் மூன்று விடை கிடைக்கும். ஒன்றை மட்டும் கேட்டு முழுதும் அறிந்தோம் என்று கருதுதல் அறிவுடைமையாகாது.

வேரோடு கூடிய நட்பு

வேரும் பூசணமும் கூடி வாழும் நிலைக்கு மைக்கோரைசா என்று 1885-ல் பெயரிட்டவர் ஜெர்மனி நாட்டு ஃபிராங்க். நிலத்தில் வளரும் செடியினங்களுள் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்கு இவ்வகை நட்பில் ஒரு பிரிவைக் கொண்டவை. சோளம், கம்பு, பருத்தி, நிலக்கடலை, பயறு ஆகிய நம் புன்செய்ப் பயிர்கள் அனைத்தும் அதனுள் அடங்கும். கடுகின் குடும்பத்தைச் சேர்ந்தவை பொதுவாக இதற்கு விலக்கு. செடி தான் சமைத்த சருக்கரையையும் கொழுப்பையும் பூசணத்திற்கு அளிக்கின்றது. பூசணம், வேர்த்தூவி எட்டாத இடத்திற்குத் தன் இழைகளை நீட்டி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொணர்ந்து தருகின்றது. கரிசலில் மணிச்சத்து, சுண்ணாம்போடு பிணைந்து இடம்பெயராமல் நிற்கும். வேர்தான் அதனைத் தேடிச் செல்லவேண்டும். இழைகள் மண்துகள்களைப் பிணைத்துக் கட்டுவதால், காற்றிலும் வெள்ளத்திலும் மேல்மண் போகாது தடுத்தலும் இவற்றின் தொழிலாம்.

இந்நட்பு அறுபட்டால் விளைவது யாது என்பதை ஆஸ்திரேலிய நாட்டுக் குயின்ஸ்லாந்து உழவர் பட்டறிவினால் கண்டனர். அங்கே டார்லிங் டவுன்ஸ் என்னும் பகுதி, நம் கரிசலை ஒத்த கரிய களிமண் நிலம், மழை நிலையற்றது. ஆகவே நீரைச் சேமிக்கக் கருதிய உழவர், களையும் முளைக்கவிடாது நிலத்தை ஓராண்டுக்கு மேலும் தரிசாகப் போடுவது உண்டு. மண்ணில் ஈரம் சேரும், தழைச்சத்தும் சேரும். கணக்கின்படி அடுத்த பயிர் பொங்கி விளைதல் வேண்டும். ஆனால் விதைத்த சூரியகாந்தி, ஆளி முதலியன முளைத்துச் சில வாரங்களில் வளர்ச்சி குன்றி, மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாதவைபோல் நின்றன. இதனை அவர்கள் 'நெடுந்தரிசுக் கேடு' என்றனர்.

காரணத்தை 1987-ல் தாம்ப்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் தெளிவாக்கினார். வேரின்றி வாழமாட்டாத பூசணங்கள், நெடுநாள் வேரைக் காணாமையால் குறைந்துபோயின. அடுத்த பயிரின் வேர்களில் அவை போதிய அளவு குடியேறவில்லை. நீரைச் சேமித்தவர், அந்நீரோடு உணவையும் எட்டிப் பெறுதற்குத் துணையானதை இழந்தனர். மழையும் சத்தும் இருந்தும் நிலம் தன் தன்மை கெட்டது. கட்டுரையின் முதலில் நாம் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே.

பகையும் நட்பும் ஒரே மண்ணில்

பூசணங்கள் எல்லாம் நண்பரல்லர். 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புலப்படாது மாண்டன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர்க் காணப்பட்டது. அஃபிளாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு, மக்களின் ஈரலில் புற்றுநோயை விளைக்கவல்லது. அப்பூசணம் வெப்பநாட்டு மண்ணில் இயல்பாய் வாழ்வது. அறுவடைக்கு முந்திய வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால், காய்க்குள் புகுந்து நஞ்சூட்டும். ஆகவே வறள்நில உழவர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. வீட்டில் வறுத்து உண்ணும் கடலையைப் பற்றிய செய்தியாம்.

இப்பகையை வெல்லும் வழியும் அதே பூசணத்தின் வகைமையில் இருந்தது வியப்பிற்குரியது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் ஒரே இனத்துள் நஞ்சு உண்டாக்கும் குலங்களும் உண்டு. நஞ்சு உண்டாக்காத குலங்களும் உண்டு. அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தின் வறள்நிலத்தில், நஞ்சற்ற குலம் ஒன்றைப் பெருக்கிப் பருத்தி வயல்களில் தூவினர். அது முன்னரே இடம்பிடித்துக்கொள்ள, நஞ்சுடையது பின்தள்ளப்பட்டது. அவ்வழியைப் பின்பற்றி ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் சோளத்தின் இனமாகிய மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் காத்து வருகின்றனர்.

நம் புன்செய்களில் மற்றுமொரு பகை, மேக்ரோபோமினா என்பது. உளுந்து, பாசிப்பயறு, எள், நிலக்கடலை, பருத்தி முதலிய பல பயிர்களில் வேரழுகலை உண்டாக்கும் இது, வெப்பமும் வறட்சியும் மிகும்போது வலிமை பெறும். கரித்தூள் போன்ற சிறு மணிகளாகி மண்ணில் தங்கும். இதனை அடக்கவல்ல டிரைக்கோடெர்மாவும் அதே மண்ணில் உறைகின்றது. பிற பூசணங்களின் இழையைச் சுற்றிப் பிணித்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்பது அதன் இயல்பு. விதை ஒரு கிலோவுக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து விதைத்தலும், ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழு உரத்தோடு கலந்து இடுதலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைக்கும் முறைகள். தொழு உரத்தோடு என்பதை மறத்தல் கூடாது. உணவும் ஈரமும் அற்ற மண்ணில் எவ்வளவு தூவினும் அது நிலைபெறாது.

நம் சிற்றூர் மக்கள் மழைக்குப்பின் தேடிச்சென்று பறித்துவரும் புற்றுக்காளானும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. கறையான்கள் தம் புற்றினுள் மக்கிய தழைப்பொருளின்மேல் இதனைப் பயிரிட்டு உண்கின்றன. மழை பெய்தபின் அது புற்றிலிருந்து குடைபோல் எழும். இக்காளானின் பேரினத்திற்கு டெர்மிடோமைசிஸ் என்று 1942-ல் பெயரிட்டவர் ஃபிரெஞ்சு அறிஞர் ஹைம். மரக்கட்டையும் சருகும் எளிதில் மக்காத வறள்நிலத்தில், கறையானும் காளானும் கூடிச் செய்யும் தொழில் பெரிது.

நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால், வறள்நிலத்தின் செல்வம் அதன் பூசணங்களின் வகைமையில் அடங்கியுள்ளது என்பது விளங்கும். ஓரினம் வெப்பத்தில் ஓயும்போது மற்றொன்று தொழில் செய்யும். ஒன்று பெருகி வரம்பு கடக்கும்போது வேறொன்று அதனைத் தடுக்கும். பலவாய் இருத்தலே அவற்றின் காவல். அக்காவலைக் காத்தல் அரிதன்று. நிலத்தை வேரின்றி நெடுநாள் வெறுமையாய் விடாமை, சோளத்தோடு பயறும் கலந்து விதைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாமை, தாளையும் பருத்திமாரையும் வயலில் கொளுத்தாது மக்கச்செய்தல், ஆட்டுக்கிடை அமர்த்துதல், வரப்பு மரங்களை வெட்டாமை, தேவையின்றிப் பூசணக்கொல்லி மருந்துகளை ஊற்றாமை ஆகியன போதும். இவற்றுட் பல நம் பாட்டனார் செய்துவந்தனவே. அவற்றின் காரணத்தை நாம் இன்று அறிகின்றோம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். பட்லரும் பிஸ்பியும் 1931-ல் இந்தியப் பூசணங்களைத் தொகுத்து நூல் வெளியிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆய்வுச்சாலையில் பேராசிரியர் சதாசிவன் மண்வழிப் பரவும் நோய்ப்பூசணங்களை ஆராய்ந்தார். அவர்தம் மாணவர் சி. வி. சுப்பிரமணியன் 1971-ல் ஹைஃபோமைசீட்ஸ் என்னும் பூசணப் பிரிவைப் பற்றிப் பெருநூல் இயற்றினார். அவ்வழி இன்னும் முடிந்துவிடவில்லை. கோடை விடுமுறையில் ஊர் செல்வோர், தத்தம் புன்செயிலிருந்து ஒரு பிடி மண்ணைத் தூய காகிதப் பையில் இட்டு, இடமும் நாளும் பயிரும் குறித்துக் கொணர்வராயின், நம் ஆய்வுச்சாலைக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை. முன்னாளில் நாம் உதறிவிட்டு நடந்த அப்புழுதியை இனியேனும் கையில் ஏந்தி நோக்குவோமாக.